மூன்று கோடைகளில் பழுதுபார்த்த ஒளித்தூண்: போர்ன்ஹேக் முகாமுக்கான செய்முறைப் பதிவு

இரவில் என் கூடாரத்துக்கு வழி தெரிய வேண்டும் என்ற ஒரே தேவைக்காகத்தான் இந்த ஒளித்தூணைச் செய்யத் தொடங்கினேன். டென்மார்க்கில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும், கணினி, மின்னணு ஆர்வலர்கள் கூடும் போர்ன்ஹேக் முகாமில் ஏழு நாட்களும் புல்வெளியிலும் மரங்களுக்கிடையிலும் கூடாரமடித்துத் தங்க வேண்டும். சில நூறு பேர் கூடும் அந்த இடத்தில் இருட்டிய பிறகு எல்லாக் கூடாரங்களும் ஒன்றுபோலவே தெரியும். உரை கேட்டுவிட்டோ, மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் மேசையில் நேரம் போனது தெரியாமல் அமர்ந்துவிட்டோ நள்ளிரவில் திரும்புகிறவர், பிறர் கட்டிய கயிறுகளில் தடுக்கி விழாமல் தம் இடத்தை அடைய, தொலைவிலிருந்தே தெரியும் ஓர் அடையாளம் தேவை. இரண்டு மீட்டர் உயரமுள்ள குழாயும், அதற்குள் 120 எல்இடிகள் கொண்ட பட்டையும், அடியில் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியும் போதும் என்று எண்ணினேன். அது முழுமையாக வேலை செய்ய மூன்று முகாம்கள் ஆயின.

முதல் போர்ன்ஹேக் 2016-இல் போர்ன்ஹோல்ம் தீவில் நடந்தது. பெயரும் அங்கிருந்து வந்ததே. 2019 முதல் ஃபியூன் தீவில் கெல்ஸ்டெட் ஊருக்கு அருகிலுள்ள ஹைல்கெடாம் என்ற சாரணர் மையத்தில் நடந்துவருகிறது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதைவிடப் பல மடங்கு பெரிய முகாம்கள் உண்டு. ஆனால் அவை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருகின்றன. எனக்கு ஆண்டுதோறும் வருகிற இந்த முகாமே மிகப் பிடித்தது. ஒரு கோடையில் கண்ட பிழையை மனத்தில் சூடு ஆறுவதற்குள் திருத்தி, அடுத்த கோடையில் அதே புல்வெளியில், அதே மழையில் மீண்டும் சோதித்துப் பார்க்க முடிகிறது என்பதே காரணம்.

நான் ரயிலில் போகிறவன் என்பதால் தூணின் வடிவம் முதுகுப்பையின் நீளத்தைக் கொண்டே முடிவானது. 70 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று குழாய்த் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் 40 எல்இடிகள் இருக்கும். துண்டுகளுக்கிடையே மூன்று ஊசிகள் கொண்ட இணைப்பான் ஒன்று மின்னையும் தரவையும் மேலே கடத்தும். வெளிக்குழாய் பால்நிறப் பாலிகார்பனேட். உள்ளே தாங்கலுக்கு அலுமினியத் தண்டு. மூன்று கயிறுகளால் இழுத்துக் கட்டினால் காற்றுக்கு நிற்கிறது. இயந்திரப் பகுதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அது முதல் ஆண்டிலிருந்தே சரியாக இருந்தது.

மின்பகுதியில்தான் எல்லாத் தவறும் இருந்தது. பட்டையில் இருப்பவை டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிப்புள்ளிகளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் உண்டு. முழு வெண்மையில் எரிந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 60 மில்லியாம்பியர் தேவை. 120 எல்இடிகளுக்கு 7.2 ஆம்பியர், 5 வோல்ட்டில் 36 வாட் ஆகும். நான் அவ்வளவு வெளிச்சம் கேட்கப்போவதில்லை, 3 ஆம்பியர் போதும் என்று கணக்கிட்டேன். 2022 ஆகஸ்டு முகாமுக்குக் கொண்டுசென்ற அமைப்பில், 5 வோல்ட் மின்வழங்கி கூடாரத்துக்குள் இருந்தது, அங்கிருந்து 0.75 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒன்று 8 மீட்டர் தொலைவிலிருந்த தூணுக்குச் சென்றது. தூணின் அடியில், எல்இடிகளை இயக்கும் ஈஎஸ்பி-32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகை அமர்ந்திருந்தது. வீட்டு மேசையில் இதே அமைப்பு ஒரு வாரம் பிழையின்றி ஓடியது. மேசையில் நான் பயன்படுத்திய கேபிளின் நீளம் அரை மீட்டர். அந்த வேறுபாட்டை அப்போது நான் பொருட்படுத்தவேயில்லை.

முகாமின் முதல் இரவில் தூண் எரிந்தது. அடிப்பகுதி வெண்மையாகவும், நடுப்பகுதி மஞ்சளாகவும், உச்சி செம்மஞ்சளாகவும் இருந்தன. வெளிச்சத்தைக் கூட்டியதும் முழுவதும் அணைந்து, ஒரு நொடி கழித்து மீண்டும் எரிந்து, மீண்டும் அணைந்தது. நிரலில் பிழை என்று நினைத்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு புல்லில் அமர்ந்தேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் மல்டிமீட்டரை நீட்டி, நிரலை விட்டுவிட்டு முதலில் தூணின் அடியிலும் உச்சியிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள் என்றார். கூடாரத்தில் 5.1 வோல்ட் இருந்தது. தூணின் அடியில் 3.9, உச்சியில் 3.5.

கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தபோது எல்லாம் பொருந்தியது. செம்பின் தன்தடையைக் கொண்டு பார்த்தால், போகும் கம்பியும் வரும் கம்பியுமாகச் சேர்ந்து 16 மீட்டருக்கு 0.37 ஓம் தடை வரும். 3 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 1.1 வோல்ட் தொலைந்துவிடும். நீல, பச்சை எல்இடிகளுக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் சிவப்புக்கு 2 வோல்ட்டும் தேவை என்பதால், மின்னழுத்தம் குறையும்போது முதலில் மங்குவது நீலமும் பச்சையும்தான். எஞ்சும் சிவப்பே உச்சியில் தெரிந்த செம்மஞ்சள். பலகை அணைந்து எரிந்ததற்கும் காரணம் அதுவே. அதிலுள்ள 3.3 வோல்ட் சீராக்கிக்குத் தன் வெளியீட்டைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளீடு வேண்டும், 3.9 வோல்ட்டை மட்டும் பெற்ற அது தடுமாற, வைஃபை அலைபரப்பி ஒருகணம் மின்னை இழுத்ததும் ஈஎஸ்பி-32 தன் மின்குறைவுக் காவலால் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது.

உடனடித் தீர்வு எளிது: வெளிச்சத்தை நிரலில் ஐந்தில் ஒன்றாக வரம்பிட்டேன். மின்னோட்டம் 0.6 ஆம்பியராகக் குறைந்தது. தூணின் அடியில் மின்னழுத்தம் 4.9 வோல்ட்டுக்கு ஏறியது. மறுதொடக்கம் நின்றது, நிறமும் சரியானது. அதற்குப் பதிலாக, அதுவரை இல்லாத புதுக் கோளாறு ஒன்று தொடங்கியது. சீரான வெண்மைக்கு நடுவே ஆங்காங்கே பச்சைப் பொறிகள் பறந்தன. சில நேரங்களில் தூண் முழுவதும் ஒருகணம் தாறுமாறாக மின்னியது.

இந்த இடத்தைத்தான் முழுப் பதிவிலும் மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன், ஏனென்றால் ஒரு பழுதை நீக்கியதே அடுத்த பழுதை வெளியே கொண்டுவந்தது. டபிள்யூஎஸ்2812பி சில்லு, தரவுக் கம்பியில் வரும் குறியை ‘ஒன்று’ என்று ஏற்பதற்கு, அந்தக் குறி தன் மின்வழங்கல் அழுத்தத்தில் 70 விழுக்காடாவது இருக்க வேண்டும். ஈஎஸ்பி-32 தருவது 3.3 வோல்ட். வழங்கல் 3.9 வோல்ட்டாக வீழ்ந்திருந்தபோது எல்லை 2.7 வோல்ட், 3.3 தாராளமாகப் போதுமானதாக இருந்தது. வழங்கலை 4.9-க்கு உயர்த்தியதும் எல்லை 3.4-க்கு ஏறிவிட்டது. அதாவது கேபிளில் ஏற்பட்ட இழப்புதான் தரவுக் கம்பியின் குறைபாட்டை மறைத்து வைத்திருந்தது. வீட்டு மேசையில் இது ஏன் தெரியவில்லை என்றால், தயாரிப்பாளரின் விவரத்தாளில் குறித்த எல்லையைவிடச் சற்றுக் கீழேயும் பல சில்லுகள் வேலை செய்துவிடும். குறுகிய கம்பியும் மின் இரைச்சல் இல்லாத சூழலும் இருந்தால் கோளாறு வெளியே வராமலே இருந்துவிடும்.

முகாமின் சால்டரிங் கூடாரத்தில் உதிரிப்பொருள் பெட்டியைக் கிளறிக் கண்டெடுத்த சாதாரண டையோடு ஒன்று அந்த வாரத்தைக் காப்பாற்றியது. பட்டையின் முதல் எல்இடியை மட்டும் வெட்டிப் பிரித்து, அதற்குச் செல்லும் மின்கம்பியில் டையோடை இணைத்தேன். டையோடு 0.6 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடுவதால் முதல் எல்இடி 4.3 வோல்ட்டில் ஓடும். அதன் எல்லை 3.0 வோல்ட், ஈஎஸ்பி-32 தரும் 3.3 அதற்குப் புரியும். ஒவ்வொரு எல்இடியும் தனக்கு வந்த குறியைத் தன் அழுத்தத்தில் புதிதாக உருவாக்கியே அடுத்ததற்கு அனுப்புகிறது. எனவே முதலாவது அனுப்பும் குறி 4.3 வோல்ட் உயரத்தில் இரண்டாவதைச் சேரும். பொறிகள் அன்றிரவே நின்றன. அந்தக் கூடாரத்தில் பலரும் தங்கள் கழுத்தில் தொங்கும் முகாம் அடையாளப் பலகையில் எதையாவது சால்டர் செய்துகொண்டிருந்தார்கள். போர்ன்ஹேக்கில் அந்த அடையாளமே ஓர் மின்னணுச் சர்க்யூட் போர்டாகத் தரப்படுகிறது. தனியாக வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த டையோடு வழியை நான் கண்டடைந்திருக்க மாட்டேன். மேசைக்கு எதிரே இருந்தவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

அந்த முதல் ஆண்டில் இன்னொரு பிழையும் செய்தேன், அது ஆபத்தானது. என் மின்வழங்கி உலோக உறை கொண்டது; அதன் பிளக் ஜெர்மானிய வகை. அந்த வகைப் பிளக்கில் எர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகடுகள் வழியாக வருகிறது. டென்மார்க்கின் பழைய வகைச் சாக்கெட்டிலோ எர்த்துக்கென்று தனி ஊசிக்குழி உண்டு. ஜெர்மானியப் பிளக் அந்தச் சாக்கெட்டில் இறுக்கமாகச் செருகிக்கொள்ளும், மின்னும் வரும், ஆனால் எர்த் மட்டும் இணையாது. ஈரப் புல்லின்மேல் எர்த் இல்லாத உலோகப் பெட்டியை இரண்டு நாள் வைத்திருந்தேன் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறது என்பதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது. உரிய மாற்றுப் பிளக்கைப் பொருத்தினேன். அடுத்த ஆண்டு முதல் 230 வோல்ட்டுக்குத் தூணோடு எந்தத் தொடர்பும் இல்லாதபடி அமைப்பையே மாற்றினேன்.

2023-க்கான திருத்தம் குளிர்காலத்திலேயே முடிந்தது. 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று கூடாரத்தில். அதன் நேர்முனைக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ். அதே பழைய 8 மீட்டர் கேபிள் வழியாக 12 வோல்ட்டே தூண்வரை செல்லும். தூணின் அடியில் 5 வோல்ட்டுக்கு இறக்கும் மாற்றி. 15 வாட் தேவைப்பட்டால் கேபிளில் ஓடுவது 1.4 ஆம்பியருக்கும் குறைவு. இழப்பு அரை வோல்ட். அதுவும் மாற்றிக்கு முன்னால் நிகழ்வதால் எல்இடிகளுக்குத் தெரியாது. 5 வோல்ட்டைப் பட்டையின் அடியிலும் உச்சியிலும் தனித்தனியாக ஊட்டினேன். டையோடை அகற்றிவிட்டு, 3.3 வோல்ட் குறியை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஏஹெச்சிடி125 சில்லை வைத்தேன். தரவுக் கம்பியில் 330 ஓம் மின்தடை, பட்டையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. மின்சாரத்தைப் பொறுத்தவரை அதன் பிறகு தூண் ஒருமுறைகூடத் தொல்லை தரவில்லை.

ஆனால் 2023 ஜூலை, டென்மார்க்கில் 1874-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து மிக அதிக மழை பெய்த ஜூலை. ஆகஸ்டு தொடக்கத்தில் முகாம் கூடியபோதும் மழை ஓயவில்லை. மூன்றாம் இரவில் தூணின் மேல் இரண்டு துண்டுகள் இருண்டன. காலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே விரற்கடை அளவுக்குத் தண்ணீர் நின்றது. நீர்புகாத வகை என்று அச்சிடப்பட்ட பெட்டி அது. கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கொண்ட கிளாண்டும் இருந்தது. கிளாண்டில்தான் ஓட்டை என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, இரவல் வாங்கிய சிலிக்கோனைக் கிளாண்டைச் சுற்றியும், மூடியின் விளிம்பிலும், சிலிக்கோன் உறையிட்ட பட்டையின் வெட்டுமுனைகளிலும் தாராளமாகப் பூசி அடைத்தேன். அது காயும்போது காடி வாசனை வந்தது. அந்த வாசனையை நான் கேள்விக்கு உட்படுத்தியிருக்க வேண்டும்.

வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது பலகையில் செம்பு தெரிந்த இடங்களிலெல்லாம் நீலப்பச்சைப் பூச்சு படர்ந்திருந்தது. பட்டையின் முதல் நான்கு எல்இடிகளின் இணைப்புத் திட்டுகள் அரித்துப்போயிருந்தன. சிலிக்கோன் அடைப்புப் பசைகளில் ஒரு வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. காடியின் வாசனைக்குக் காரணம் அதுதான். அது செம்பை அரிக்கும். மின்னணு வேலைக்கு அமிலம் விடாத நடுநிலை வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். நானோ அமில வகையைப் பூசி, ஈரத்தோடு சேர்த்து உள்ளேயே பூட்டி வைத்துவிட்டேன். அரிப்புக்கு அது மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஈரமான பலகையில் 5 வோல்ட் திட்டும் எதிர்முனைத் திட்டும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது, அவற்றுக்கிடையே மின்பகுப்பு நடந்து நேர்முனைச் செம்பு கரைந்துகொண்டேயிருக்கும். மழைநாளில் மின்னை அணைக்காமல் விட்டிருந்ததால் அதற்கு இரவு முழுவதும் நேரம் கிடைத்தது.

தண்ணீர் எப்படி நுழைந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. கிளாண்டைப் பிரித்துப் பார்த்தேன். வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சோதித்தே தீர்வது என்று, அதே வகைப் பெட்டி ஒன்றில் மெல்லிய தாள் ஒன்றை வைத்து மூடி, கிளாண்டு பொருத்தி, வெந்நீரால் பெட்டியைச் சூடாக்கி, உடனே குளிர்ந்த நீரை மேலே ஊற்றினேன். முதல் இரண்டு சுற்றிலும் தாள் உலர்ந்தே இருந்தது. மூன்றாம் சுற்றில் கிளாண்டுக்கு நேர் கீழே தாளில் ஓர் ஈரப்புள்ளி. பகலில் வெயிலும் மாற்றியின் வெப்பமும் சேர்ந்து பெட்டிக் காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துவிடும். பிறகு மழை பெய்து 15 டிகிரிக்குக் குளிரும்போது உள்ளழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். அது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்துக்குச் சமம். என் பெட்டியில் கிளாண்டு மேல்பக்கத்தில் இருந்தது. கேபிள் வழியாக வழிந்த மழைநீர் சரியாக அங்கேதான் தேங்கி நின்றது. பெட்டி அதை உறிஞ்சிக் குடித்திருக்கிறது. உள்ளே போன நீருக்கு வெளியே வர வழியில்லை. நான் எவ்வளவு இறுக்கமாக அடைத்தேனோ அவ்வளவு வலுவாக அது உறிஞ்சியிருக்கிறது.

ஆகவே 2024-க்கான பெட்டியை அடைப்பதை விட்டுவிட்டுத் திறந்து வைத்தேன். அடிப்புறத்தில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று. கிளாண்டுகள் எல்லாம் கீழ்நோக்கி. ஒவ்வொரு கேபிளும் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி ஒரு சொட்டுவளையம், வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பெட்டியைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தூணோடு கட்டினேன். பலகையை இணைப்பான்கள் தவிர மற்ற இடங்களிலெல்லாம் ஈரத்தடுப்பு வார்னிஷ் இருமுறை பூசி, பட்டையின் வெட்டுமுனைகளை நடுநிலை சிலிக்கோனால் மூடினேன். அரித்துப்போன நான்கு எல்இடிகளை வெட்டியெடுத்து, புதிய துண்டைச் சால்டர் செய்தேன். வரிசையில் ஒரு எல்இடி செத்தால் அதற்குப் பின்னுள்ள அனைத்துக்கும் தரவு போகாது. 2023-இல் மேல் இரண்டு துண்டுகளும் இருண்டதற்கு முதல் துண்டின் ஒரே ஓர் எல்இடிதான் காரணம். இதே வெந்நீர்ச் சோதனையைப் புதிய பெட்டியில் பத்துச் சுற்று செய்தேன். தாள் நனையவில்லை.

வைஃபையையும் அணைத்துவிட்டேன். முகாமில் நூற்றுக்கணக்கான கருவிகள் அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும்போது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் இன்னொரு கருவி கத்த வேண்டியதில்லை. பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகுக்குமிழ் வைத்தேன், மின்செலவும் குறைந்தது. வெளிச்சத்தின் மேல்வரம்பையும் இறக்கினேன். கூடாரத் துணி மெல்லியது. எனக்கு அடையாளமாக இருப்பது பக்கத்தில் தூங்குபவரின் முகத்தில் அடிக்கக் கூடாது. இளமஞ்சள் நிறத்தில், அளந்தபோது 4 வாட் இழுத்தது. ஜூலை நடுவில் ஃபியூனில் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் என்பதால் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஓர் இரவுக்கு 32 வாட்-மணி என்ற கணக்கில் 153 வாட்-மணி கொண்ட பேட்டரி நான்கு இரவுகளைத் தாங்கும். முகாமின் நடுவில் ஒருமுறை பகலில் சார்ஜ் செய்தேன்.

2024 ஜூலையில் ஏழு இரவுகளும் தூண் எரிந்தது. இரண்டு நாள் மழை பெய்தது. கடைசி நாள் காலை, கூடாரத்தை மடிக்குமுன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் பனித்துளிகள் இருந்தன, அடியில் தண்ணீர் இல்லை, செம்பு செம்பின் நிறத்திலேயே இருந்தது. பிரிப்பதற்கு முன் வழக்கம்போல எல்லா இடங்களிலும் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டேன். பேட்டரியில் 13.1, பெட்டி வாயிலில் 13.0, பட்டையின் அடியில் 5.02, உச்சியில் 4.71. இரண்டு முனையிலும் ஊட்டும்போது உச்சியில் அவ்வளவு குறையக் கூடாது. இரண்டாம் மூன்றாம் துண்டுகளுக்கிடையே உள்ள இணைப்பானைக் கழற்றிப் பார்த்தபோது அதன் எதிர்முனை ஊசி கறுத்திருந்தது. அந்த ஊசியின் இருபுறமும் வைத்து அளந்தால் 0.2 வோல்ட் காட்டியது. தங்கப்பூச்சிட்ட, தடித்த ஊசிகளைக் கொண்ட இணைப்பான்கள் இரண்டை வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் அவற்றை மாற்ற வேண்டும்.